வளவுக்கு நாய் எடுக்க முதல்: எந்த சாதி என்ன வேலைக்கு வந்தது

போன மாசம் மட்டும் மூண்டு பேர் போன் எடுத்து கேட்டிட்டினம், "அண்ணை, வளவுக்கு நல்ல நாய்க்குட்டி ஒண்டு வேணும், என்ன சாதி எடுக்கலாம்" எண்டு. நான் எல்லாருக்கும் திருப்பி கேட்டது ஒண்டுதான், என்ன வேலைக்கு நாய்? ஆட்டுப்பட்டிக்கோ, கடைக்கோ, தோட்டத்தில பண்டி கலைக்கவோ, இல்லாட்டி பிள்ளையளோட விளையாடவோ? ஏனெண்டா சாதி நாய் எண்டு நாங்கள் சொல்லுற ஒவ்வொண்டும் எங்கையோ ஒரு ஊரில ஏதோ ஒரு வேலைக்கெண்டு மனுசர் பாத்து பாத்து எடுத்த நாய், வடிவு பாக்கிறது பிறகு வந்தது. "நாய்க்கு வேலையும் இல்லை, நிக்க நேரமும் இல்லை" எண்டு பழமொழி இருக்குத்தானே. வேலைக்கெண்டு பிறந்த நாய்க்கு நீங்கள் வேலை குடுக்கேல்லையெண்டா அது தானா ஒண்டை கண்டுபிடிக்கும், செருப்பை கடிக்கும், கோழி பிடிக்கும், றோட்டால போற சைக்கிளை துரத்தும், பிறகு நாங்கள் அதை கெட்ட நாய் எண்டுறது.

எங்கடை பக்கம் கூட ஆக்கள் கேக்கிறது அல்சேசன். சரியான பேர் ஜேர்மன் செப்பேர்ட். 1899 ஆம் ஆண்டு மக்ஸ் வொன் ஸ்டெபானிற்ஸ் எண்ட குதிரைப்படை அதிகாரி ஹொரான்ட் எண்ட ஒரு கடுவனை வாங்கி அதில இருந்து துவங்கினதுதான் இந்த இனம். முதலாம் உலகப்போரோட ஜேர்மன் எண்ட பேரே பிரித்தானியாக்காரருக்கு ஆகாம போக அல்சேசன் எண்டு மாத்தினவை, அந்தப் பேர்தான் இலங்கைக்கு வந்து இண்டைக்கும் நிக்குது. ஜேர்மனியில அதின்ர வேலை என்ன தெரியுமோ, வேலி இல்லாத பயிர் காணிக்கும் செம்மறிக் கூட்டத்துக்கும் நடுவில எல்லையை பிடிச்சு நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கிறது, ஒரு செம்மறியும் பயிருக்குள்ள கால் வைக்க விடாது. ஓடுற வேலி எண்டு சொல்லலாம். அப்பிடியான ஒண்டை கொண்டுவந்து பத்தடி சங்கிலியில காலமை இருந்து பின்னேரம் வரைக்கும் கட்டி வைச்சா அது சுத்தி சுத்தி மண்ணை கிண்டி, ஆரை கண்டாலும் குலைச்சு கடைசியா கடிக்கத்தான் செய்யும். எடுக்கிறதெண்டா காலமையும் பின்னேரமும் ஒரு மணித்தியாலம் ஒதுக்கேலுமோ எண்டு முதல் உங்களையே கேளுங்கோ. இடுப்பு மூட்டு வருத்தம் பரம்பரையா வாற இனம், அதால தாயும் தகப்பனும் எழும்பி நடக்கிறதை கண்ணால பாக்காம குட்டி எடுக்காதேங்கோ. ரெண்டு அடுக்கு மயிர், ஆனி ஆடி சோளகத்துக்க நிழலும் தண்ணியும் இல்லாட்டி இளைச்சே செத்துப்போகும்.

ஆடு மாடு வைச்சிருக்கிறாக்களுக்கு இதுதான் முக்கியம், கவனமா வாசியுங்கோ. மேய்க்கிற நாய் வேற, பட்டி காக்கிற நாய் வேற. மேய்க்கிற நாய்க்கு நல்ல உதாரணம் போர்டர் கொலி, இங்கிலாந்து ஸ்கொட்லாந்து எல்லைப்பக்கத்து நாய், 1893 ல பிறந்த ஓல்ட் ஹெம்ப் எண்ட நாயின்ர வழிதான் இண்டைக்கு இருக்கிற அநேகமான கொலியள். அது குலைக்காது, கடிக்காது, தலையை பதிச்சு கண்ணை எடுக்காம பாத்தே செம்மறியை நகத்தும். அந்தப் பார்வை உண்மையில வேட்டை மிருகத்தின்ர பார்வை, கடைசிக் கடியை மட்டும் மனுசர் குறைச்சு வைச்சிருக்கினம். அதால பழக்காத மேய்ப்பு நாயை ஆட்டுக்க விட்டா ஆட்டை துரத்தி களைக்கப்பண்ணும். காவல் நாய் இதுக்கு நேர் எதிர். துருக்கியின்ர கங்கால் மாதிரி நாயள் குட்டியிலேயே செம்மறியளோட வளந்து தானும் அந்தக் கூட்டத்தில ஒண்டு எண்டு நினைக்கும், ஓநாய் வந்தா முன்னுக்கு நிக்கும். 1994 இல இருந்து நமீபியாவில சிவிங்கிப்புலியிட்ட இருந்து ஆட்டைக் காக்க அந்த வகை நாயளைத்தான் கமக்காரருக்கு குடுக்கினம், நாய் நிக்கிற பட்டிக்கு கிட்ட சிவிங்கிப்புலி வாறது குறைய, கமக்காரர் அதை சுடுறதும் குறைஞ்சுது.

கங்கால் எங்களுக்கு தேவையில்லை, ஆனா அந்த முறை எங்கடை ஊர்நாய்க்கும் சரிவரும். ஆறு எட்டு கிழமைக்குள்ள, பால் மறந்த குட்டியை எடுத்து ஆட்டுக்கொட்டிலுக்கு பக்கத்தில ஒரு சின்ன மறைப்பு கட்டி அங்கையே படுக்க விடுங்கோ. சாப்பாடும் அங்கைதான், வீட்டு அடுப்படியில இல்லை. சாதுவான ஒண்டு ரெண்டு தாய் ஆட்டை மட்டும் முதல்ல பழக விடுங்கோ, குட்டி ஆட்டின்ர காதை இழுத்தா ஆடே ஒரு முட்டு முட்டி படிப்பிக்கும், நீங்கள் அடிக்கத் தேவையில்லை. நாலு மாசத்துக்குள்ள பழகாட்டி பிறகு பழக்குறது கஷ்டம். ஆட்டை துரத்தி விளையாடத் துவங்கினா அந்த நிமிசமே மறியுங்கோ, சிரிச்சுக்கொண்டு வீடியோ எடுக்காதேங்கோ.

ரொட்வைலர் கேக்கிற பெடியளுக்கு. ஜேர்மனியின்ர ரொட்வைல் பட்டணத்து இறைச்சிக்கடைக்காரரின்ர நாய் அது, சந்தைக்கு மாடு சாய்ச்சுக்கொண்டு போறதும் வண்டில் இழுக்கிறதும்தான் வேலை. டோபர்மன், அப்பொல்டா எண்ட ஊரில வரி சேக்கப் போற லூயிஸ் டோபர்மன் தன்ர பாதுகாப்புக்கெண்டு உருவாக்கினது. ரெண்டும் புத்தியான நாய், ரெண்டும் ஒரு ஆளை நம்பி அவர் சொல்லு கேட்டு வேலை செய்யப் பிறந்தது. வெளிநாட்டில இருந்து மச்சான் காசு அனுப்பினார் எண்டு எடுத்து, பிறகு பழக்க ஆளில்லாம வயசான அம்மாவிட்ட சங்கிலியை குடுத்திட்டுப் போன வீடுகள் எனக்குத் தெரியும். அம்மாவால பிடிக்கேலாது, நாய்க்கும் ஆர் தலைவர் எண்டு தெரியாது. அப்பிடி எடுக்காதேங்கோ, நாய்க்கும் பாவம் அம்மாக்கும் பாவம்.

லப்ரடோர் உண்மையில லப்ரடோரில இருந்து வந்ததில்லை, கனடாவின்ர நியூபவுண்ட்லாந்து தீவில மீன்பிடிகாரரோட வள்ளத்தில போய் தூண்டிலால நழுவின மீனைப் பிடிச்சு, வலைக்கயிறு இழுத்த நாயளின்ர வழி. தண்ணி ஒட்டாத மயிரும் மொத்த வாலும் அதுக்குத்தான், பிள்ளையளோட நல்லா சேரும். ஆனா தண்ணியை கண்டா நிக்காது, எங்கடை குளங்களில முதலை இருக்கு. குளத்தடிக்கு கூட்டிக்கொண்டு போறதெண்டா கயிறு கையில இருக்கோணும், இதை நான் விளையாட்டுக்கு சொல்லேல்ல. சாப்பாடும் போடப்போட சாப்பிடும், அளந்து போடுங்கோ.

சின்ன நாயளை கெதியா சொல்லுறன். பொமேரியனின்ர முன்னோர் குளிர் நாட்டு பெரிய நாயள், விக்டோரியா மகாராணி 1888 ல புளொரன்சில இருந்து சின்னதா ஒண்டை கொண்டுவந்த பிறகுதான் குட்டை நாய்க்கு மவுசு வந்தது. டாக்ஸ்ஹவுண்ட் வளைக்குள்ள பூந்து பட்ஜர் எண்ட மிருகத்தை பிடிக்கிறதுக்கு கால் குட்டையாக்கின நாய், அதால வளவு முழுக்க குழி கிண்டும், நீளமான முதுகு, திண்ணையில இருந்து குதிக்க விடாதேங்கோ. மூக்குச் சப்பையான பக், புல்டோக் வகை எங்கடை வெயிலுக்கு வேண்டாம் எண்டுதான் நான் சொல்லுவன், நாய் வேர்வையால இல்லை, நாக்கை நீட்டி இளைச்சுத்தான் சூட்டை ஆத்துறது, மூச்சு விடவே இடமில்லாத நாய் எப்பிடி ஆத்தும்?

வேலைக்கார நாயை எங்கடை சனம் கிட்டத்தில கண்டது கண்ணிவெடி எடுத்த காலத்தில. கயிறு கட்டின பாதைக்குள்ள மெல்லமா மணந்துகொண்டு போய், வெடிமருந்து மணத்தை கண்டா சத்தமில்லாம குந்தியிருக்கும். உலகம் முழுக்க அந்த வேலைக்கு அநேகமா எடுக்கிறது ஜேர்மன் செப்பேர்ட்டும் பெல்ஜியத்தின்ர மெச்செலன் பக்கத்து மலினோயிசும். அதைப் பாத்து ஆசைப்பட்டு வீட்டுக்கு மலினோயிஸ் தேடாதேங்கோ, வேலை இல்லாட்டி அது வீட்டை பிய்ச்செறிஞ்சு போடும்.

கடலுக்கு அங்கால தமிழ்நாட்டு நாயளும் இருக்கு. இராஜபாளையம் வெள்ளை உடம்பு, ரோசா மூக்கு, பண்டி வேட்டைக்கும் காவலுக்கும் வளத்தது, 2005 ல இந்தியா முத்திரையும் அடிச்சது. சிப்பிப்பாறை மெலிஞ்ச ஓட்டக்காரன், முயலுக்கு. கோம்பை தேனிப்பக்கம், செம்மண் நிறம், கறுத்த முகம். வெயில் தாங்கும், ஆனா தனக்கு பிடிச்ச ஓராளோட மட்டும் ஒட்டுற குணம் கூட. கொண்டு வாறதெண்டா மிருக உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின்ர அனுமதி வேணும், களவா வள்ளத்தில வாற நாயை தொடவும் வேண்டாம். வேட்டைக்கெண்டு யோசிக்கிறாக்கள் இன்னொண்டும் தெரிஞ்சிருங்கோ, மானும் உடும்பும் சட்டத்தால பாதுகாத்த மிருகங்கள்.

இப்ப ஊர்நாய். இங்கிலிசில இதுக்கு வைச்ச பேர் எங்கடை ஆக்களின்ர ஒரு சாதிப்பேரை எடுத்து இழிவா வைச்சது, அதால நான் அதை பாவிக்கிறேல்ல. வைரவரின்ர வாகனத்துக்கு அப்பிடி ஒரு பேர் எதுக்கு. ஒருத்தரும் பாத்து பாத்து எடுக்காம வெயிலும் பசியும் வருத்தமும் தெரிஞ்செடுத்த நாய் இது, ஒற்றை மயிர், நிமிர்ந்த காது, கொஞ்ச சாப்பாடு. 2010 ல நாங்கள் முகாமில இருந்து திரும்பி காணிக்கு வரேக்க கிணத்தடி தெரியாம பத்தை வளந்து கிடந்தது, மூண்டாம் நாள் ஒரு மஞ்சள் பெட்டை நாய் வந்து தறப்பாள் கொட்டிலுக்கு வெளியால படுத்துது. எங்கடை நாயில்லை அது, எங்கடையதை அவிட்டு விட்டிட்டு போனது போனதுதான். ஒரு இரவு அது குலைச்ச குலைப்பு வேற மாதிரி, முன்னங்கால் ரெண்டையும் அகட்டி, நாலடி தள்ளி நிண்டு, ஒரே இடத்தை பாத்து குறுக்கி குறுக்கி குலைச்சுது. ரோச் அடிச்சா பாய் ஓரத்தில புடையன். கிட்டப் போகவுமில்லை, விலகவுமில்லை. அந்த வளவுக் காவலுக்கு எனக்கு வேற சாதி தேவைப்படேல்ல, அதின்ர பேத்திதான் இப்பவும் எங்கடை படலையில படுக்கிறது.

குட்டி தெரிவு செய்யிற விதம். தாயோட சேத்து பாருங்கோ, தாயை காட்டமாட்டன் எண்டா திரும்பி வாங்கோ. சொண்டை தூக்கி முரசை பாருங்கோ, ரோசா நிறமா இருக்கோணும், வெளிறியிருந்தா உண்ணியோ புழுவோ. காதுக்குள்ளயும் கால்விரல் இடுக்கிலயும் விரலை விட்டு உண்ணி தேடுங்கோ. வெள்ளைக் குட்டி, டல்மேசனோ இராஜபாளையமோ எண்டா, பின்னால நிண்டு அது காணாம கை தட்டுங்கோ, அந்த இனங்களில செவிடு வாறது உண்டு. நான் ஒருக்கா இதொண்டும் பாக்காம டவுணில ஒராளிட்ட அல்சேசன் குட்டி எடுத்து, ஊசி போட்டாச்சு எண்டு சொன்னதை நம்பி, எட்டாம் நாள் பார்வோ எண்ட குடல் வருத்தம் வந்து ரத்தமா கழிஞ்சு என்ர மடியிலயே போச்சுது. ஊசி போட்ட அட்டையை கையில வாங்காம காசு குடுக்காதேங்கோ. ஆறு எட்டு கிழமையில துவங்கி மூண்டு நாலு கிழமைக்கு ஒருக்கா, நாலு மாசம் வரைக்கும் தொடர்ந்து போடோணும். விசர்நாய்த் தடுப்பூசி வருசா வருசம், ஊர்நாய்க்கும்தான், அரச மிருக வைத்திய அலுவலகத்தில கேளுங்கோ. எந்த நாய் கடிச்சாலும் சவர்க்காரம் போட்டு ஓடுற தண்ணியில பதினைஞ்சு நிமிசம் கழுவிட்டு உடன ஆசுப்பத்திரி.

வெயிலுக்கு ஒரு சின்ன வழி, புறங்கையை மண்ணில வையுங்கோ, அஞ்சு செக்கன் வைக்கேலாட்டி நாயை அந்த நேரம் நடத்தாதேங்கோ. தண்ணித்தொட்டியடி ஈரமண்ணை கிண்டிப் படுத்தா விடுங்கோ, அதுக்குத் தெரியும். சமைச்ச கோழி எலும்பு குடுக்காதேங்கோ, உடைஞ்சு குடலில குத்தும்.

குட்டியை கொண்டு வாற அண்டைக்கு தாய் படுத்த சாக்கில ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டு வாங்கோ. முதல் இரவு அதுக்கு மேல படுக்க விட்டு, உங்கடை பாயையும் பக்கத்தில போடுங்கோ, சாமத்தில அனுங்கினா அடிக்காம கையை மட்டும் அதின்ர முதுகில வையுங்கோ, மூண்டு இரவில பழகிடும்.