பெரிய எஸ்யூவி வாங்கும் முன் ஷெட்டை அளந்துவிடுங்கள்

டொயோட்டா ஃபார்ச்சூனரா, எம்ஜி குளோஸ்டரா என்று குழம்புகிறவர்கள் ஷோரூமுக்குக் கிளம்பும் முன் டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டு கார் ஷெட்டுக்குப் போங்கள். காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பல ஷெட்டுகள் அம்பாசடர் காலத்தவை. ஃபார்ச்சூனர் 4,795 மி.மீ. நீளம், 1,855 மி.மீ. அகலம். குளோஸ்டர் 4,985 நீளம், 1,926 அகலம். இந்த அகலத்தில் பக்கக் கண்ணாடிகள் சேராது. உள்ளே விட்டபின் கதவைத் திறந்து இறங்கவும் இடம் வேண்டுமே!

அப்புறம், கடைசி வரிசை. டெஸ்ட் டிரைவுக்கு அப்பத்தாவையும் கூட்டிப் போங்கள். படியில் கால் வைத்து அவர் ஏறுவதைப் பார்த்தாலே பாதி முடிவு தெரிந்துவிடும். ஃபார்ச்சூனரில் கடைசி இருக்கைகள் இரண்டு பக்கமும் மேலே மடங்கி நிற்கும்; மடக்கினாலும் சாமான் வைக்கும் அகலத்தைத் தின்றுவிடும். குளோஸ்டரில் தட்டையாகப் படுத்துவிடும். எல்லாரும் உட்கார்ந்த பிறகு பின்கதவைத் திறந்து, சீடை டின் ஒன்று, மனகோலம் டின் ஒன்று வைத்துப் பாருங்கள். கல்யாணத்துக்குப் போய் வரும் வண்டிக்கு இதுதான் உண்மையான சோதனை.

விலை பேசும்போது இரண்டுக்கும் ஆன்ரோடு விலையையே கேளுங்கள். எக்ஸ்-ஷோரூம் விலையில் சாலை வரியும் இன்சூரன்ஸும் இருக்காது.