தெருவில் எடுக்கும் படத் தொடர்: தயவுசெய்து இதையெல்லாம் செய்யாதீர்கள்

செமஸ்டர் முடியப்போகிறது என்றால் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) பிள்ளைகள் ப்ராஜெக்ட் படங்களைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். பெரும்பாலும் சமூகப் பிரச்சினையைப் பேசுகிற தொடர்தான். ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ எல்லாம் யூடியூபிலேயே கிடைக்கும், இங்கே வேண்டாம். நான் சொல்வது திட்டம் போடும்போதே நடக்கிற தவறுகள், அதில் சில ஒருகாலத்தில் நானும் செய்தவை.

'வறுமை' என்று தலைப்பு வைப்பது

வறுமை, முதுமை, தனிமை எல்லாம் தலைப்பே கிடையாது. கண்ணில் பட்ட பாட்டி, பிச்சைக்காரர், ரிக்‌ஷா என்று சென்னை முழுக்கப் பொறுக்கிக்கொண்டு வந்தால் ஆளுக்கொரு படம் எடுத்துச் சேர்த்த மாதிரிதான் இருக்கும். ஒரு இடம், ஒரு வேலை, ஒரு நேரம் என்று சுருக்குங்கள். கோயம்பேட்டில் ராத்திரி காய்கறி லாரி வந்து சரக்கு இறங்குகிற நேரம். அல்லது, ஆற்றங்கரைக் குடிசைகளைக் காலி செய்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்ட பெண்கள், பழைய பகுதிக்கே வீட்டு வேலைக்குப் போவதற்காக விடியற்காலையில் பிடிக்கிற பஸ். அதிலேயே ஒரு வருஷத்துக்கான படம் இருக்கிறது.

தூங்குகிறவருக்குக் கதை எழுதுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு மாணவர் கோயம்பேட்டில் காலை பதினொரு மணிவாக்கில் மீன்பாடி வண்டியில் (மூன்று சக்கரச் சரக்கு வண்டி) தூங்கிக்கொண்டிருந்த ஒருவரை எடுத்தார். நல்ல வெளிச்சம், நல்ல ஃபிரேம். கீழே 'போதையில் தொலைந்த வாழ்க்கை' என்று எழுதிக் கண்காட்சியில் மாட்டி, இன்ஸ்டாகிராமிலும் போட்டாயிற்று. அவர் தலைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா என்று கேட்டேன். துணி என்றார். துணிதான், ஆனால் வளையமாகச் சுருட்டிய துணி, மூட்டைக்கு அடியில் தலையில் வைக்கிற சும்மாடு. நள்ளிரவிலிருந்து மூட்டை தூக்கிவிட்டு, அடுத்த லோடு வரும்வரை அதையே தலையணையாக வைத்துத் தூங்குகிற லோடுமேன் அவர். படத்திலேயே பதில் இருந்தும் எடுத்தவர் பார்க்கவில்லை. ஏனென்றால் போதை என்று கான்செப்ட் நோட்டில், அதாவது கல்லூரிக்கு முன்கூட்டியே தருகிற திட்டக் குறிப்பில், முடிவை எழுதிக் கொடுத்துவிட்டு, அதற்குத் தோதான ஆளைத் தேடித்தான் மார்க்கெட்டுக்கே போயிருக்கிறார்.

அந்தப் படம் அந்த லோடுமேனுடைய மகளோடு படிக்கிறவர்கள் கண்ணில் பட்டுவிட்டது. மனிதர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கல்லூரி வாசலுக்கே வந்துவிட்டார். மொத்தத் தொடரையும் இறக்கினார்கள், மாணவருக்கு ஒரு செமஸ்டர் போயிற்று. அது போகட்டும், அந்தப் பக்கம் இப்போது யார் கேமராவை எடுத்தாலும் கையை நீட்டி மறைக்கிறார்கள், அடுத்த வருஷப் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கதவைச் சாத்தியாயிற்று.

அதனால் கான்செப்ட் நோட்டில் கேள்வியை எழுதுங்கள், தீர்ப்பை எழுதாதீர்கள். முதல் தடவை கேமரா இல்லாமல் போங்கள், அதுவும் ராத்திரி ஒரு மணிக்கு. பகலில் தூங்குகிறவர்கள் யார் என்று தானாகத் தெரியும். பெயர், வேலை, நேரம், அவர் சொன்னது, எல்லாம் அன்றைக்கே நோட்டில் ஏற வேண்டும். பேச முடியாமல் போனதா, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள்: 'காலை 11 மணி, வண்டியில் தூங்கும் ஒருவர்.' புகைப்படக்காரர் எம். பழனி குமார் தூய்மைப் பணியாளர்களையும் மீனவர்களையும் வருஷக்கணக்கில் எடுத்து வருகிறார், அந்தப் படக்குறிப்புகளைப் படித்துப் பாருங்கள். அங்கே மனிதர்களுக்குப் பெயர் இருக்கும்.

குழந்தை முகம்

தெருவில் வசிக்கிற, பிச்சை எடுக்கிற, வேலைக்கு அனுப்பப்படுகிற குழந்தைகள் 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுகிறவர்கள். அவர்களை அடையாளம் காட்டும் படத்தை வெளியிடுவதை 74-ஆவது பிரிவு தடுக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 'ப்ராஜெக்ட்டுக்குத்தானே சார்' என்பது காரணம் ஆகாது.

எதிர்ப்பக்கத்திலிருந்து டெலி லென்ஸ்

வேண்டாம். தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டுகிற லென்ஸ் என்பதற்காக ஒளிந்து எடுத்தால், அது படத்தில் தெரியும்.

சுமாரான படத்தைக் கருப்பு வெள்ளையாக்குவது

சுமாராகவேதான் இருக்கும்.

பிரின்ட் கொடுக்காமல் விடுவது

இரண்டாவது தடவை வெறுங்கையோடு போகாதீர்கள். உங்கள் தொடருக்கு எடுத்த படத்தைக் கொடுத்தால் பாதிப் பேருக்குப் பிடிக்காது, மூட்டையோடு வியர்த்து நிற்பதை வீட்டில் யார் மாட்டுவார்கள்? தலை சீவி, சட்டையை இழுத்துவிட்டு, நேராக நின்று ஒன்று கேட்பார்கள். அதையும் எடுத்து, பிரின்ட் போட்டுக் கொடுங்கள். மார்க்கு வாங்கித் தராது, ஆனால் அதற்கப்புறம்தான் குடோனுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவார்கள். பிரின்ட் செலவை பட்ஜெட்டில் முதலிலேயே போட்டுவிடுங்கள், கடைசியில் காசு இருக்காது.