2டி வழுக்கிக்கொண்டு ஓடியது, 3டி திக்கியது

செங்கோட்டையில் ஃப்ளெக்ஸ் டிசைன் செய்கிறேன். ஆரியங்காவு கடைக்காரர் ஒருவர் முகப்பை 3டியில் கேட்டார். பத்தடி பேனர் தடங்கலில்லாமல் ஓடும் அதே லேப்டாப்பில், பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் மாடலைத் திருப்பினாலே படம் திக்கியது.

டிரைவரைப் புதுப்பித்தேன், ரேம் கூட்டினேன். பயனில்லை. மாடலின் உருவத்தை அமைக்கும் முக்கோணங்களைப் பாதியாகக் குறைத்தும் அதே கதைதான்.

அப்புறம் தற்செயலாக விண்டோவைக் கால்வாசியாகச் சுருக்கினேன். உடனே சீராக ஓடியது! பலர் கவனிக்காத இடம் இதுதான். முக்கோண எண்ணிக்கை மாறவில்லை, வரைய வேண்டிய திரைப் புள்ளிகள்தான் (பிக்சல்கள்) குறைந்தன. 1920×1080 திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 2டியில் மாறிய பகுதியை மட்டும் திரும்ப வரைந்தால் பெரும்பாலும் போதும். 3டியில் கோணம் மாறும்போதெல்லாம் எது முன்னே, எது பின்னே, வெளிச்சம் எவ்வளவு என்று ஒவ்வொரு புள்ளிக்கும் புதிதாகக் கணக்குப் போட வேண்டும். அப்படியானால் திணறுவது கிராபிக்ஸ் சிப்தான்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் இரண்டு ஜிபியூ, அதாவது கிராபிக்ஸ் சிப்: ஜிபியூ 0 முழு வேகத்தில், ஜிபியூ 1 சும்மா இருந்தது. தனி கிராபிக்ஸ் கார்டு (ஜிபியூ 1) இருந்தும், பிராசசரோடு வரும் சின்ன சிப்பில்தான் (ஜிபியூ 0) பிளெண்டர் ஓடியிருக்கிறது.

விண்டோஸ் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் போய், பிளெண்டரைச் சேர்த்து 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' வைத்தேன். பிளெண்டரை மூடித் திறந்ததும் முழுத் திரையிலும் சரியாகிவிட்டது. அப்பாடா! மூடித் திறக்காவிட்டால் மாற்றம் தெரியாது, அதை மட்டும் மறக்க வேண்டாம்.