புல்தரை வேண்டாம், பொடுதலை போடுங்கள்

எங்கள் சிவகங்கைச் சீமையில் பொடுதலையைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. கண்மாய்க் கரையிலும் வரப்போரத்திலும் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். மழையில் மூழ்கினாலும் அழுகாது. கோடையில் மண் வெடித்தாலும் வேரோடு சாகாது. ஆழ்துளைக் கிணறுகள் வற்றிக்கொண்டிருக்கும் ஊரில் வாசல் புல்தரைக்கு நாள்தோறும் தண்ணீர் பீய்ச்சுவதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. அந்த இடத்துக்கு ஏற்ற செடி இதுதான்.

நடுவதைவிட நிலத்தைத் தயார்செய்வதில்தான் பொறுமை வேண்டும். கோரையும் அருகும் மண்ணுக்குள் இருந்தால் பொடுதலைக்கு நடுவே முளைத்து வரும். பிறகு அவற்றைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. ஒரு முழம் ஆழத்துக்குக் கொத்தி, கோரைக் கிழங்குகளைக் கையால் பொறுக்குங்கள். பிறகு தண்ணீர் விட்டு, ஒன்றும் நடாமல் இரண்டு வாரம் காத்திருங்கள். முளைப்பதை எல்லாம் பிடுங்கிவிட்டு, மறுபடியும் ஒரு முறை அதேபோல் செய்யுங்கள். மட்கிய தொழு உரம் கொஞ்சம் தூவினால் போதும். செம்மண், கரிசல், சற்று உவர்ப்பான மண் எதிலும் வரும். வெயில் மட்டும் கட்டாயம் வேண்டும். நிழலில் தண்டு நீண்டு, பூ குறைந்துவிடும்.

ஐப்பசி மழை தொடங்கும்போது நடுவது நல்லது. சாக்கடை கலக்காத இடத்திலிருந்து தண்டுகளை எடுங்கள். பின்னால் சமையலுக்கும் பறிப்பீர்கள் அல்லவா? ஒரு சாண் நீளத்தில், நான்கைந்து கணு இருக்கும்படி நறுக்கி, இரண்டு மூன்று கணுக்கள் மண்ணுக்குள் போகுமாறு படுக்கவைத்து, நுனியை வெளியே விடுங்கள். கணுவுக்குக் கணு வேர்விடும் செடி இது. ஓர் அடி இடைவெளி விட்டால் 100 சதுர அடிக்கு 100 தண்டு பிடிக்கும்.

முதல் இரண்டு வாரம் மண் காயக் கூடாது. அதன்பின் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். தினமும் தெளித்துப் பழக்கினால் வேர் மேலேயே நின்றுவிடும். நன்றாக நனையவிட்டு இடைவெளி கொடுத்தால் ஆழத்தைத் தேடிப் போகும். நன்றாகப் பிடித்த செடிக்குக் கோடையிலும் பத்து நாளுக்கு ஒருமுறை போதும். அக்கினி நட்சத்திர வெயிலில் இலை சுருங்கிச் செந்நிறம் காட்டினால் பதற வேண்டாம். ஒரு தண்ணீரில் துளிர்த்துவிடும். அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றலாம், சோப்புத் தண்ணீர் வேண்டாம்.

பூ சிறியதுதான். ஊதா நிற மொட்டுத் திரளைச் சுற்றி வெள்ளையும் இளஞ்சிவப்புமாய்ச் சின்னஞ்சிறு பூக்கள் வளையமிட்டிருக்கும். சின்ன நீல வண்ணத்துப்பூச்சிகளும் தேனீக்களும் அதைத் தேடி வருவதைக் குனிந்து பார்த்தவர்கள் இதைக் களை என்று சொல்லமாட்டார்கள். தேனீ இருக்கும் என்பதால் பூக்கும் காலத்தில் குழந்தைகளை வெறுங்காலோடு விடாதீர்கள்.

மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று சொல்லி நாற்றங்கால்களில் தரும் வெடேலியாவை மட்டும் இதற்குப் பதிலாக வாங்கிவிடாதீர்கள். மூன்று மடலாகப் பிரிந்த இலை இருந்தால் அது அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த வேறு செடி. உலகின் மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இருப்பது.

பொடுதலையும் ஓடக்கூடியதுதான். ஓரத்தில் செங்கல் பதித்து, தாண்டி வரும் தண்டை மாதம் ஒருமுறை நறுக்குங்கள். பூத்து ஓய்ந்ததும் அரிவாளால் மேலாக அரிந்துவிட்டால் மறுபடியும் அடர்த்தியாகும். அரிந்ததில் கொழுந்தைப் பிரித்து, உளுந்து, மிளகாய் வற்றல், புளியோடு நெய்யில் வதக்கித் துவையல் அரைக்கலாம். ஆண்டுகள் போகப்போக நடுவில் தண்டு கட்டையாகி மண் தெரிய ஆரம்பித்தால், அந்த இடத்தைக் கொத்தி, ஓரத்திலிருந்து இளந்தண்டு எடுத்து நட்டுவிடுங்கள்.