நேரலை ஆராதனையில் காணாமற்போகும் சபையார்

சென்ற மாதம் பக்கத்துச் சேகரத்து இளைஞர்கள் சிலர், தங்கள் ஆலயத்தில் ஞாயிறு ஆராதனையை முதன்முறையாக நேரலையில் காட்டப்போவதாகச் சொல்லி, ஒத்திகையைப் பார்க்க என்னை அழைத்திருந்தார்கள். பாடகர் குழுவுக்குப் பின்னால் அவர்கள் இழுத்திருந்த கேபிள்களைக் கண்டதும், 2020 ஏப்ரல் 5ஆம் தேதி, குருத்தோலை ஞாயிறன்று, ஊரடங்கில் பூட்டிக் கிடந்த எங்கள் ஆலயத்தில் குருவானவரும் கீபோர்டு வாசிப்பவரும் நானும் மட்டும் நின்று நடத்திய எங்கள் முதல் நேரலை நினைவுக்கு வந்தது. கைப்பேசியிலிருந்து யூடியூபில் நேரலை செய்ய அப்போது ஆயிரம் சந்தாதாரர்கள் தேவைப்பட்டதால், ஃபேஸ்புக்கில் செய்தோம். அதற்குப் பின் இரண்டு ஆண்டுகள் நாங்கள் செய்த பிழைகளில் பெரும்பாலானவற்றை இந்த இளைஞர்கள் ஒரே மாலையில் செய்து முடித்திருந்தார்கள். சார்ஜ் போட மறப்பது, கைப்பேசியை நெடுக்காகப் பிடிப்பது போன்றவற்றை ஒரு வாரம் அனுபவப்பட்டால் எவரும் திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

மிக்சரின் மெயின் அவுட்டை அப்படியே நேரலைக்குக் கொடுப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. ஊரடங்கு தளர்ந்து மக்கள் ஆலயத்துக்குத் திரும்பியதும், சிறப்புக் காணிக்கை எடுத்து ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு நல்ல கேமரா ஒன்றை வாங்கினோம். ஒலிக்குத் தனியாகச் செலவு செய்யத் தேவையில்லை, மிக்சரில்தான் எல்லா மைக்குகளும் வந்து சேர்கின்றனவே என்று நினைத்து, அதன் மெயின் அவுட்டிலிருந்து ஒரு கேபிளை இழுத்துக் கணினியில் செருகிவிட்டோம். படம் பளிச்சென்று இருந்தது; பிரசங்கமும் தெளிவாகக் கேட்டது. வெளியூர்களில் இருக்கும் உறவினர்களின் பாராட்டுகளும் வந்து குவிந்ததால், எட்டு மாதம் எங்களுக்கு எந்தச் சந்தேகமும் எழவில்லை.

இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை ஒருநாள் பார்க்கப் போனேன். நேரலையை ஒரு வாரமும் தவறவிடாதவர் அவர். நலம் விசாரித்து முடித்ததும், “ஏன் தம்பி, கோயிலுக்கு இப்ப ஆளே வாரதில்லையா? பாட்டுல ஒருத்தர் சத்தமும் கேக்கலையே” என்று கவலையோடு கேட்டார். அந்த ஞாயிறன்று பெஞ்சுகள் நிறைந்து, பிந்தி வந்தவர்கள் வராந்தாவில் நின்றிருந்தார்கள்.

காரணம் எளியது. மிக்சரின் மெயின் அவுட் ஆலயத்துக்குள் இருக்கும் ஸ்பீக்கர்களுக்காகக் கலக்கப்படும் ஒலி. குருவானவரின் மைக், பாடகர் குழுவின் இரண்டு மைக்குகள், கீபோர்டு ஆகியவை அதில் இருக்கும். முந்நூறு பேர் சேர்ந்து பாடும் குரலுக்கு உள்ளே மைக் தேவையில்லை என்பதால் அது மிக்சருக்கு வருவதே இல்லை. வீட்டில் இருப்பவர் கேட்டதெல்லாம் கீபோர்டும் நான்கைந்து குரல்களும்தான். நேரலையைக் கவனிக்கும் பொறுப்பில் இருப்பவரோ சபையாரின் நடுவே உட்கார்ந்திருப்பதால், ஹெட்போனையும் மீறி அந்தப் பாட்டு அவர் காதில் விழுந்துகொண்டே இருக்கும்; அதனால் இந்தக் குறை அவருக்கு ஒருநாளும் தெரியவராது. எட்டு மாதம் நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

மிக்சரில் ஆக்ஸ் என்று குறிக்கப்பட்டிருக்கும் தனி வெளியீட்டிலிருந்து நேரலைக்கான ஒலியைத் தனியாகக் கலக்க வேண்டும். சபையாரை நோக்கி இரண்டு கண்டென்சர் மைக்குகளை, அதாவது தள்ளியிருந்து வரும் ஒலியையும் நுட்பமாகப் பிடிக்கும் மைக்குகளை மாட்டி (இவற்றுக்கு மின்சாரம் கொடுக்க மிக்சரில் 48 வோல்ட் பொத்தானை அழுத்த வேண்டும்), அவற்றை அந்த ஆக்ஸுக்கு மட்டும் அனுப்ப வேண்டும். மெயினிலும் சேர்த்துவிட்டால், ஸ்பீக்கரின் ஒலி மைக்குக்குள் திரும்பத் திரும்பப் புகுந்து ஆலயமே கூவும். மைக்குகளை முன்வரிசைகளுக்கு மேலே மாட்டுவது நல்லது. ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதால், 34 மீட்டர் நீளமுள்ள ஆலயத்தின் பின்சுவரில் மாட்டினால், பீடத்தருகே சொல்லப்படும் ஒவ்வொரு சொல்லும் பத்தில் ஒரு வினாடி பிந்தி இரண்டாம் முறை கேட்கும். ஆராதனை நடக்கும்போது ஒருவர் வெளியே சென்று, கைப்பேசியில் ஒரு பாட்டை முழுவதும் கேட்டுவிட்டு வர வேண்டும். இரண்டு மைக்குகளுக்கும் சேர்த்து எங்களுக்கு ஆன செலவு, கேமராவின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

உதட்டசைவுக்கு முந்தி வரும் ஒலி

படம் கணினிக்குள் வந்து சேரச் சற்றுத் தாமதமாகும். கணினியிலிருந்து நேரலையை அனுப்பும் ஓபிஎஸ் மென்பொருளில் ஒலியையும் அதே அளவு தாமதப்படுத்துங்கள்.

பல கேமராக்கள்

ஒன்று போதும்.

ஜெபக் குறிப்புகளையும் ஓலையையும் ஒளிபரப்புவது

யாருக்கு அறுவை சிகிச்சை, யார் வீட்டில் கடன் தொல்லை, யாருடைய மகனுக்கு வேலை போயிற்று என்றெல்லாம் பெயர் சொல்லி ஜெபிப்பது நம் சபைகளின் பழக்கம். ஆலயத்துக்குள் அது அன்பின் வெளிப்பாடு. யூடியூபில் 12 மணி நேரத்துக்கு உட்பட்ட நேரலைகள் தாமாகவே பதிவாகி நிற்பதால், அதே வாக்கியத்தை மூன்று ஆண்டு கழித்துப் பெண் பார்க்க வரும் வீட்டாரும் கேட்க முடியும். எங்கள் சபையில் அப்படி ஒரு சங்கடம் நேர்ந்து, ஒரு குடும்பம் ஓராண்டு ஆலயத்துக்கு வராமல் இருந்தது. கலியாண ஓலை, அதாவது நடக்கவிருக்கும் திருமணத்தின் அறிவிப்பு, வாசிக்கும்போதும் பெற்றோர் பெயர், ஊர் எல்லாம் வெளியே போகின்றன. இப்போது அறிவிப்புகளும் ஜெபக் குறிப்புகளும் தொடங்கியவுடன் ஒலியை நிறுத்திவிட்டுச் சிலுவையின் படத்தை மட்டும் காட்டுகிறோம். வீட்டில் இருப்பவர்களுக்குக் குறிப்புகளைச் சபை மூப்பர் தொலைபேசியில் சொல்லிவிடுகிறார்.

பார்வை எண்ணிக்கையைக் கமிட்டியில் வாசிப்பது

வேண்டாம்.

“அவர்தான் நேரலையில் பார்க்கிறாரே”

நேரலை தொடங்கிய பின் எங்கள் சபையில் வீடு சந்திப்பு குறைந்துபோனதைப் பதிவேட்டைப் புரட்டியபோதுதான் உணர்ந்தோம். படுக்கையில் இருப்பவர்களுக்கு மாதந்தோறும் திருவிருந்து கொண்டுபோகும் வழக்கம் எவரும் முடிவெடுக்காமலேயே நின்றிருந்தது. கேட்டபோது மேலே தலைப்பில் உள்ள வாக்கியமே பதிலாகக் கிடைத்தது. போப் பிரான்சிஸ் 2020 ஏப்ரலில், தினமும் தமது திருப்பலியே நேரலையில் சென்றுகொண்டிருந்த நாட்களில், திருச்சபை இதுவல்ல என்று எச்சரித்ததை அப்போது படித்திருந்தும், அது எங்களுக்கான பேச்சு என்று தோன்றவில்லை. இப்போது, வீட்டிலிருந்து பார்ப்பவர்களின் பட்டியலைக் குருவானவரிடம் கொடுத்துவிடுகிறோம். முதல் ஞாயிறு மாலை அவரோடு நானும் செல்கிறேன். அன்று காலை எந்தப் பாட்டில் பெண்கள் பக்கம் சத்தம் குறைந்தது என்பதை அந்த ஆசிரியை எனக்காகக் குறித்து வைத்திருப்பார்.