கசகஸ்தானில் முதல் ரயில் பயணம்: அல்மாத்தியிலிருந்து அஸ்தானாவுக்கு

கசகஸ்தானின் முன்னாள் தலைநகரான அல்மாத்தியிலிருந்து இன்றைய தலைநகரான அஸ்தானாவுக்கு ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர். இந்தப் பாதையில் முதன்முறையாக ரயிலேறுபவர்கள் செய்ய வேண்டியவற்றை வரிசையாக விளக்குகிறேன்.

முதல் படி: ரயிலைத் தேர்ந்தெடுத்தல். ஸ்பானியத் தொழில்நுட்பத்தில் உருவான டால்கோ ரயில்கள் விரைவானவை; அவற்றில் கட்டணம் கூடுதல். சாதாரண ரயில்கள் மெதுவாகச் செல்லும். நேரம் இருப்பவர்களுக்கு நான் சாதாரண ரயிலையே பரிந்துரைப்பேன். கால அட்டவணையில் சாரிஷகான் நிலையத்தை ரயில் எத்தனை மணிக்கு அடைகிறது என்று பார்த்து, அது பகல் பொழுதாக இருக்கும் ரயிலைத் தேர்ந்தெடுங்கள். மேற்குப் பாதி நன்னீராகவும் கிழக்குப் பாதி உப்பு நீராகவும் இருக்கும் பால்காஷ் ஏரியின் கரையோரமாக ரயில் செல்லும் அந்தப் பகுதியை இருளில் தவறவிடுவது பெரும் இழப்பு. அங்கே புகையூட்டிய மீனும் விற்பார்கள்.

இரண்டாம் படி: பெட்டியும் படுக்கை எண்ணும். புதியவர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது இதைத்தான். சாதாரண ரயில்களில் மூன்று வகுப்புகள் உண்டு. பிளாட்ஸ்கார்ட் என்பது நம் ஊர் ஸ்லீப்பர் பெட்டியைப் போல அறைக் கதவுகள் இல்லாதது. ஒவ்வொரு பகுதியிலும் நான்கு படுக்கைகளும், நடைபாதைக்கு அப்பால் இரண்டு பக்கவாட்டுப் படுக்கைகளுமாக பெட்டி முழுவதிலும் மொத்தம் 54 படுக்கைகள் இருக்கும். கூப்பே என்பது கதவுள்ள நான்கு படுக்கை அறை. லக்ஸ் வகுப்பில் ஓர் அறைக்கு இரண்டு பேர். ஒற்றைப்படை எண்கள் கீழ்ப்படுக்கை, இரட்டைப்படை எண்கள் மேல்படுக்கை. பிளாட்ஸ்கார்ட்டில் 37 முதல் 54 வரை பக்கவாட்டுப் படுக்கைகள். உயரமானவர்களுக்கு அவை குறுகலாக இருக்கும். 33 முதல் 38 வரையுள்ள எண்கள் கழிப்பறையை ஒட்டியவை என்பதால் இரவு முழுவதும் கதவுச் சத்தம் கேட்கும். முதல் பயணத்துக்குக் கூப்பேயில், பெட்டியின் நடுப்பகுதியில், ஒற்றைப்படை எண் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கீழ்ப்படுக்கைக்கு அடியிலுள்ள பெட்டகத்தில் வைக்கும் சாமானை, நீங்கள் எழுந்தாலொழிய யாரும் எடுக்க முடியாது.

மூன்றாம் படி: சீட்டு வாங்குதல். இணையத்திலும் நிலையக் கவுன்ட்டரிலும் வாங்கலாம். பெயரும் கடவுச்சீட்டு எண்ணும் ஆவணத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். மார்ச் மாதத்தின் நவ்ரூஸ் விடுமுறையிலும் கோடையிலும் கூட்டம் மிகுதியாக இருக்குமாதலால் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

நான்காம் படி: சரியான நிலையம். அல்மாத்தி-2 நகரின் மையத்தில் உள்ளது. அல்மாத்தி-1 வடக்கே, தொலைவில் உள்ளது. அஸ்தானாவிலும் பழைய நிலையம் ஒன்றும், 2017இல் திறக்கப்பட்ட நூர்லி ஜோல் நிலையம் ஒன்றுமாக இரண்டு இருக்கின்றன. எனவே புறப்படும் நிலையம், இறங்கும் நிலையம் இரண்டின் பெயரையும் சீட்டில் பார்த்துக்கொண்டு, வாடகைக் கார் ஓட்டுநரிடம் முழுப் பெயரையும் காட்டுங்கள். 2024 மார்ச் 1 முதல் நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்பதால், அதற்கு முன் எழுதப்பட்ட பயணக் குறிப்புகளில் உள்ள நேர விளக்கங்களை நம்ப வேண்டாம்.

ஐந்தாம் படி: பெட்டிக்குள். வாசலில் நிற்கும் நடத்துநர் கடவுச்சீட்டையும் பயணச்சீட்டையும் சரிபார்த்த பின்பே ஏற்றுவார். உள்ளே காலணியைக் கழற்றிச் செருப்புக்கு மாறுவது அங்குள்ள வழக்கம். நடத்துநர் அறைக்கு அருகிலுள்ள கொதிகலனில் எப்போதும் இலவசமாக வெந்நீர் கிடைக்குமாதலால் ஒரு குவளையும் தேயிலையும் கொண்டு செல்லுங்கள். பகலில் கீழ்ப்படுக்கையே எல்லோருக்கும் இருக்கை. மேல்படுக்கைக்காரர் அமர வந்தால் இடம் கொடுங்கள். உடன் பயணிப்பவர்கள் ரொட்டியையும் இனிப்பையும் நீட்டினால் கொஞ்சமாவது எடுத்துக்கொள்ளுங்கள், நீங்களும் எதையாவது பகிர்ந்துகொள்ளுங்கள்.

ஒவ்வொரு நிலையத்திலும் எத்தனை நிமிடம் நிற்கும் என்ற பட்டியல் நடைபாதைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். இரண்டு மூன்று நிமிட நிறுத்தங்களில் இறங்காதீர்கள். பழைய பெட்டிகளில் பெரிய நிலையங்களுக்குச் சற்று முன்பே கழிப்பறையைப் பூட்டிவிடுவார்கள். அஸ்தானா நெருங்கும்போதும் அப்படித்தான். அதற்கு முன்பே முகம் கழுவி, படுக்கை விரிப்புகளை மடித்து நடத்துநரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.