பேங்காக்கில் கடைசி இரண்டு நாள்: 12 பேரைச் சண்டையில்லாமல் வீடு சேர்க்க

சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் அடுக்குமாடி புளோக்கில் நான்கு குடும்பம், 12 பேர். இப்படி ஆள் சேர்த்துக்கொண்டு தாய்லாந்து போய் வந்தது எனக்கு இது ஐந்தாவது முறை. முதல் மூன்று நாள் என்னை யாரும் தேடுவதில்லை. நான்காம் நாள் மாலைதான் கதவு தட்டப்படும். "அக்கா, பெட்டி மூட மாட்டேன் என்கிறது." "அக்கா, அன்றைக்கு இறால் நாங்கள் தொடவே இல்லையே, அதற்கும் காசா?" ஜூரோங்கில் 19 வருடம் கணக்கு எழுதிய ஆள் நான். அதனால் காசிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். இறங்கியவுடன் எல்லார் கண்ணும் டாக்சி வரிசையில் இருக்கும். அப்புறம் வாட்ஸ்அப்பில் கேட்டால் இரண்டு நீலக்கோடு வரும், காசு வராது. என் நாத்தனார் எனக்கு இன்னும் 38 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தரவேண்டும். அது இரண்டு பயணத்துக்கு முந்தைய பாக்கி.

கிளம்பும் நாளுக்கு முந்திய இரவு, சாப்பாடு முடிந்ததும், எல்லாரையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் தாய்லாந்தின் பாட் நோட்டு கையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். நான் வைத்திருப்பது பழைய 555 மார்க் சின்ன நோட்டுப்புத்தகம். எந்தச் செலவு, யார் கொடுத்தார், எத்தனை பேருக்கு, இவ்வளவுதான். வேன், நுழைவுச்சீட்டு, சேர்ந்து சாப்பிட்ட சாப்பாடு பொதுவில் வரும். மசாஜ், பீர், பிள்ளைகளின் தேங்காய் ஐஸ்கிரீம் அவரவர் பொறுப்பு. சாப்பிடாதவர் கொடுக்கவேண்டாம், ஆனால் அதை ஆர்டர் கொடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை சைவம் என்பது இறால் மேசைக்கு வந்த பிறகுதான் சிலருக்கு ஞாபகம் வருகிறது.

பாட்டை வெள்ளியாக மாற்ற ஒரே விகிதத்தை வைத்துக்கொள்ளுங்கள். புறப்படும் முன் சிங்கப்பூர்த் தேக்காவில் காசு மாற்றினோமே, அந்தச் சீட்டில் உள்ள விகிதம். அன்றன்றைக்குக் கைப்பேசி காட்டுவதை எடுத்தால் ஆளுக்கொரு கணக்கு வரும். மீதியை அங்கேயே பேநவ்வில் (கைப்பேசி வழியே வங்கிப் பணம் அனுப்பும் வசதி) அனுப்பச் சொல்லி, பணம் வந்தபின் பெயருக்கு நேரே டிக் போடுங்கள். கடைசி நாள் வேன், தண்ணீர், அறை சுத்தம் செய்கிற அம்மாவுக்குக் கொடுப்பது எல்லாவற்றுக்கும் ஒரு உறையில் தனியாக வைத்துவிடுங்கள். சில்லறைக் காசைச் சிங்கப்பூரில் யாரும் மாற்றித் தருவதில்லை, ஆகவே அதுவும் அந்த உறைக்குள். எண்ணும்போது நோட்டோ காசோ கீழே விழுந்தால் காலால் மிதித்து நிறுத்தவேண்டாம். அதில் மன்னர் படம் இருக்கிறது, அந்த ஊரில் அது சின்ன விஷயமில்லை.

கடை சுற்றுவதைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். சட்டுச்சாக் பெருஞ்சந்தை சனி, ஞாயிறில்தான் முழுமையாக நடக்கும், அதைப் பார்த்தே பயணத் தேதியைப் போடலாம். துணிக்குப் பிரத்துனாம் சந்தை போதும். ஒரே மாதிரி மூன்று எடுத்தால் விலை குறையும். நாலு குடும்பம் இருக்கும்போது மூன்று எடுப்பது பெரிய காரியமா?

கடைசி நாள் காலைக்கு நான் வைத்திருப்பது சீலோம் சாலை மாரியம்மன் கோவில் மட்டும். 19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. தாய்க்காரர்கள் 'வாட் கேக்' என்பார்கள். 'கேக்' என்றால் விருந்தாளி, இந்தியர்களையும் அப்படித்தான் சொல்வார்கள். நம்மைவிடத் தாய்க்காரர்கள்தான் அதிகமாக வந்து கும்பிடுகிறார்கள். அரை மணி நேரம் போதும், எல்லாருக்கும் மனசு அமைதியாகிவிடும். விமான நிலையத்தில் அந்த அமைதி தேவைப்படும்.

பெட்டி விஷயம். கையில் தூக்கிப் பார்க்கிற தொங்கு தராசு ஒன்று வாங்கிவிடுங்கள், சிங்கப்பூர் முஸ்தபா கடையில் கிடைக்கும். பாரம் கூடிய பெட்டியிலிருந்து குறைந்த பெட்டிக்கு மாற்றுவதை ஹோட்டல் அறையிலேயே செய்யலாம், செக்-இன் வரிசையில் உள்ளாடையைப் பரப்பவேண்டாம். ஆனால் இன்னொருவர் பொருளை உங்கள் பெட்டியில் வைக்கும் முன் பிரித்துப் பாருங்கள், சொந்தத் தம்பியாக இருந்தாலும். மிளகாய் விழுது, மீன் சாஸ் எல்லாம் 100 மில்லிக்கு மேல் இருந்தால் கைப்பையில் போகாது. இரண்டு பிளாஸ்டிக் பை சுற்றிப் பெரிய பெட்டியில் போடுங்கள். பவர்பேங்க் நேர்மாறு, அது கைப்பையில்தான் இருக்கவேண்டும்.

இப்போது முக்கியமானது. தாய்லாந்தில் 2022இல் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், 2025இல் மறுபடியும் இறுக்கினார்கள். நமக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் எடுத்துக்கொண்டாலும் இங்கே குற்றம்தான். இலைப் படம் போட்ட மிட்டாய், பிஸ்கட், பானம் எதையும் தொடவேண்டாம் என்று பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லுங்கள். பெரியவர்களிடம் இரண்டு முறை சொல்லுங்கள். மின்சிகரெட்டும் கூடாது, சூயிங்கம்மும் கூடாது. சிகரெட்டுக்குத் தீர்வை விலக்கே கிடையாது, திறந்த பாக்கெட் ஒன்றானாலும் சொல்லித் தீர்வை கட்டவேண்டும். புத்தர் சிலை வாங்கும் ஆசை வந்தால் அதை வெளியே கொண்டுவர அங்குள்ள நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். யானைப் பொம்மை வாங்குங்கள்.

விமான நிலையத்துக்கு. பேங்காக்கில் இரண்டு இருக்கின்றன, ஊருக்குக் கிழக்கே சுவர்ணபூமி, வடக்கே டோன் முவாங். மூன்றாவது பயணத்தில் எங்கள் கூட்டம் இரண்டு காரில் கிளம்பியது. இரண்டாவது காரில் இருந்த மாமா டிரைவரிடம் "ஏர்போர்ட்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். நாங்கள் சுவர்ணபூமியில், அவர்கள் டோன் முவாங்கில். மத்தியான நெரிசலில் அவர்கள் வந்து சேரும்போது கவுண்டர் மூட ஆறு நிமிடம் பாக்கி. அத்தை அன்று மாமாவைப் பார்த்த பார்வையை நான் எழுதவில்லை. இப்போதெல்லாம் நிலையத்தின் பெயரைத் தாய் எழுத்தில் அச்சடித்து ஒவ்வொரு காரிலும் ஒருவர் கையில் கொடுத்துவிடுகிறேன். பெட்டி குறைவாக இருந்தால் பயா தாய் நிலையத்திலிருந்து சுவர்ணபூமிக்கு ரயிலே இருக்கிறது, அரை மணிக்குள் போய்விடும்.

தாய்லாந்தில் வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்ப வாங்குவதென்றால் மூன்று மணி நேரம் முன்னதாகப் போகவேண்டும். அங்கே வரி 7 விழுக்காடு. ஒரே கடையில் ஒரே நாளில் 2,000 பாட்டுக்குக் குறையாமல் வாங்கி, கடவுச்சீட்டைக் காட்டி, வாங்கும்போதே படிவம் கேட்டு வாங்கியிருக்கவேண்டும். சுங்கத்தில் காட்டவேண்டிய பொருள் என்றால் பெட்டியை ஒப்படைக்கும் முன் அந்தக் கவுண்டருக்குப் போங்கள். பொருளைக் காட்டச் சொன்னால் அது அப்போது பெட்டிக்குள் போயிருக்கக்கூடாது. சேவைக் கட்டணமும் பிடிப்பார்கள், 2,000 பாட்டுக்கு அலைவது வீண் என்பது என் கட்சி. தங்கச் சங்கிலி வாங்கிய சித்திக்கு மட்டும் பயன்பட்டது.

எஸ்ஜி அரைவல் கார்டை (சிங்கப்பூருக்குள் நுழைய இணையத்தில் நிரப்பும் படிவம்) ஹோட்டலிலேயே எல்லாருக்கும் நிரப்பிவிடுங்கள். காசில்லை, வந்திறங்குவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே செய்யலாம். காசு கேட்கிற இணையத்தளம் போலி. சிங்கப்பூர் நேரம் தாய்லாந்தைவிட ஒரு மணி நேரம் முந்தியது, கூட்டிக்கொண்டு போக வருகிறவரிடம் அதைச் சொல்லுங்கள்.

48 மணி நேரத்துக்குக் குறையாமல் வெளியே இருந்திருந்தால் ஆளுக்கு 500 வெள்ளி வரைக்கும் பொருள் சேவை வரி இல்லை. அதற்கு மேலே போனதுக்கு 9 விழுக்காடு. சித்தியின் சங்கிலி 800 வெள்ளி, ஆக 300க்கு 27 வெள்ளி. கைப்பேசியிலேயே முன்கூட்டிக் கட்டலாம். சித்தி கட்டவில்லை, கழுத்தில் போட்டிருந்தால் யாருக்குத் தெரியும் என்றார். நான் கையைப் பிடித்துச் சுங்கத்தில் பொருளைச் சொல்லி வரி கட்டுகிற சிவப்பு வழிக்கு இழுத்துப்போனேன். 27 வெள்ளியைக் கட்டிவிட்டு வெளியே வந்தபோது மற்ற பத்துப் பேரும் காப்பிக்கு வரிசையில் நின்றிருந்தார்கள். யார் கணக்கில் என்று நான் கேட்கவில்லை.